நெடுநாள் சாப்பிட்ட ஹார்மோன் மாத்திரையை நிறுத்தும்போது



குடும்ப நலம் என்றதும் பிள்ளைப்பேறு, கருத்தடை, தடுப்பூசி இவைதான் நினைவுக்கு வரும். பிள்ளைகளை ஆளாக்கிப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் குடும்ப நலம் உண்டு. இந்தப் பிரசுரம் அந்த வயதினருக்கானது. மனைவி மட்டும் படித்தால் போதாது. கணவரும் கூட உட்கார்ந்து படிக்க வேண்டும். பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்பவர்கள், பின்னால் வரும் ஒன்றிரண்டு பத்திகளை மட்டும் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வீட்டில் இப்படிப் பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்வோம்.

"ஏங்க, எட்டு வருஷமா ஒரு மாத்திரை சாப்பிடுறேனே, அதனால மார்ல புத்து வருமாம். பக்கத்து வீட்டு அக்கா சொல்லுச்சு. நாளையிலேருந்து நிப்பாட்டிடப் போறேன்."

"நிப்பாட்டு புள்ள. காசாவது மிச்சம்."

மாத்திரை குப்பைக்குப் போகிறது. மூன்றாம் வாரம் நடு ராத்திரியில் அந்த அம்மாவுக்கு உடம்பெல்லாம் அனலாய்க் காந்துகிறது. ரவிக்கை நனைய வேர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது. "புத்து வந்துடுச்சு போலிருக்கு" என்று அவர் அழுகிறார். "காத்து கருப்பு பட்டிருக்கும்" என்று வீட்டார் மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள். இரண்டும் இல்லை. இத்தனை வருஷம் வெளியிலிருந்து கிடைத்த ஒரு சத்து திடீரென்று நின்றுபோனதை உடம்பு காட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

எந்த மாத்திரை?

நம் பக்கத்தில் ஹார்மோன் மாத்திரை என்றால் பலவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக்குப் போக வேண்டும், வீட்டில் கல்யாணம் இருக்கிறது என்று தூரத்தைத் தள்ளிப்போடச் சில நாள் சாப்பிடுகிறார்களே, அது வேறு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாலா-என் வேறு. அது பிள்ளை தங்காமல் இருக்க. நாம் இங்கே பேசுவது மாதவிடாய் நின்ற பிறகோ, ஆபரேஷனில் சினைப்பைகளை எடுத்த பிறகோ, உடல் காந்தலுக்காகவும் எலும்புக்காகவும் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் சாப்பிடும் மாத்திரையைப் பற்றி. கிராமங்களில் இதைச் சாப்பிடுபவர்கள் அதிகம் இல்லைதான். ஆனால் சாப்பிடுபவர்களில் பலர், முதலில் எழுதிக் கொடுத்த டாக்டரைப் பார்த்தே வருஷங்கள் ஆகியிருக்கும். பழைய சீட்டை மருந்துக் கடையில் நீட்டி வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

பெண்ணின் அடிவயிற்றில் கர்ப்பப்பைக்கு இரு பக்கமும் பாதாம்பருப்பு போல இரண்டு சினைப்பைகள் உண்டு. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் முக்கியமாக அங்கேதான் சுரக்கிறது. நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதை ஒட்டி அது வற்றுகிறது. மேல்நாட்டில் 51 வயதுவாக்கில். உடம்புச் சூட்டைச் சமன் செய்யும் இடம் மூளையில் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அது தடுமாறி, சூடு இல்லாதபோதும் சூடு என்று நினைத்து வேர்வையைக் கொட்டுகிறது. தானாக வற்றினால் உடம்பு மெல்லப் பழகும். ஆபரேஷனில் இரண்டு சினைப்பையையும் எடுத்துவிட்டால் ஒரே நாளில் வற்றிவிடுகிறது. அதனால்தான் அவர்களுக்குக் காந்தல் கடுமையாக இருக்கும்.

புற்றுநோய்ப் பயம் எங்கிருந்து வந்தது?

அக்கா சொன்னது கட்டுக்கதை அல்ல. ஆனால் முழுக்கதையும் அல்ல. அமெரிக்காவில் கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர்ந்த மாத்திரை, மறு பாதிக்கு வெறும் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். (அந்த ஈஸ்ட்ரோஜன் சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்டது. இப்போது வேறு வகைகளும் உண்டு.) 5 வருஷத்துக்குச் சற்று மேல் ஆனதும், 2002 ஜூலையில், நன்மையை விடத் தீமை மிகுதி என்று அந்த ஆராய்ச்சியை நிறுத்தினார்கள். உலகம் முழுவதும் பெண்கள் மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள்.

தீமை எவ்வளவு? 10,000 பெண்கள் ஒரு வருஷம் சாப்பிட்டால் மார்புப் புற்று 8 பேருக்குக் கூடுதலாக வந்தது. பக்கவாதம் 8, நுரையீரலில் ரத்தக் கட்டி 8, மாரடைப்பு 7 கூடுதல். இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்குக் குறைந்தது. ஒரு பெரிய ஊரின் பெண்கள் எல்லாரையும் சேர்த்து எண்ணினால் எட்டுப் பேர். ஒதுக்கித் தள்ளும் கணக்கு அல்ல. தலையில் இடி விழுந்தது போல நடுங்கும் கணக்கும் அல்ல. அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று 10 வருஷத்துக்குள் தொடங்குபவர்களுக்கு ஆபத்து குறைவு என்று பின்னால் தெரிந்தது. ஆனால் வருஷம் ஏற ஏற மார்புப் புற்றின் வாய்ப்பு ஏறுகிறது; நிறுத்திய பிறகு குறைகிறது; நெடுநாள் சாப்பிட்டவர்களுக்குக் கொஞ்சம் மிச்சம் பல வருஷம் நிற்கிறது. அதனால் நிறுத்தினாலும் மார்பகப் பரிசோதனையை விடக் கூடாது. 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மார்பகமும் கர்ப்பப்பை வாயும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கப்படுகின்றன.

யார் நிறுத்தலாம், யார் பொறுக்க வேண்டும்?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். "கர்ப்பப்பையை எடுத்தாச்சு" என்று மட்டும் சொல்கிறோம். சினைப்பைகளையும் எடுத்தார்களா என்று கேட்டால் பல அம்மாக்களுக்குத் தெரியாது, கணவருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டில் அது எழுதியிருக்கும். பீரோவில் நிலப் பத்திரத்தோடு அந்தச் சீட்டும் இருக்க வேண்டும். 45 வயதுக்கு முன்பே இரண்டு சினைப்பையையும் எடுத்தவர்கள், இயற்கையாக மாதவிடாய் நிற்கும் வயது வரை, சுமார் 50 வரை, மாத்திரை சாப்பிடுவதே பெரும்பாலும் நல்லது. முன்னமே நிறுத்தினால் எலும்பும் இதயமும் பாதிக்கும். 2002-ல் சொன்ன பயம் இவர்களுக்குப் பொருந்தாது. ஆகவே 42 வயது அம்மா, 62 வயது அம்மாவைப் பார்த்து மாத்திரையை எறியக் கூடாது.

மற்றவர்கள் வருஷம் ஒரு முறை டாக்டரிடம் "இன்னும் வேணுமா?" என்று கேட்க வேண்டும். மார்பில் கட்டி, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் விழுவது, வாய் கோணுவது — இவற்றில் ஏதாவது வந்தால் அடுத்த மாத்திரையைச் சாப்பிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு. அப்போது மெல்லக் குறைப்பது என்ற பேச்சே இல்லை.

ஒரு தவற்றை மட்டும் செய்யாதீர்கள். கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு இரண்டு மருந்து கொடுத்திருப்பார்கள்: ஈஸ்ட்ரோஜன் ஒன்று, புரோஜெஸ்டிரோன் ஒன்று. கை முடையாக இருக்கும் மாதத்தில், "காந்தலுக்குக் கேக்குறது இதுதானே" என்று ஈஸ்ட்ரோஜனை மட்டும் வாங்குவது உண்டு. மருந்தைக் குறைக்கிறேன் என்று புரோஜெஸ்டிரோனை விடுபவர்களும் உண்டு. ஈஸ்ட்ரோஜன் தனியாகப் போனால் கர்ப்பப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போகும். நாளாவட்டத்தில் அங்கே புற்று வரலாம். அதைத் தடுக்கவே இரண்டாவது மருந்து. நிறுத்தினால் இரண்டையும் டாக்டர் சொன்னபடி நிறுத்துங்கள். ஒன்றை வைத்து ஒன்றை விடாதீர்கள்.

ஒரேயடியாகவா, கொஞ்சம் கொஞ்சமாகவா?

இரண்டு விதமும் செய்யலாம். மெல்லக் குறைத்தால் முதல் சில வாரங்களில் காந்தல் மட்டுப்படலாம். ஆனால் போகப்போக இரண்டு வழிக்கும் வித்தியாசம் இல்லை. டாக்டர் முதலில் பாதி அளவு மாத்திரை எழுதுவார், ஒன்றிரண்டு மாதம் கழித்து இன்னும் குறைப்பார், பிறகு நிறுத்துவார். சில மாத்திரைகளை உடைக்கக் கூடாது, ஆகவே அரிவாள்மனையில் வைத்து நறுக்கும் வேலை வேண்டாம்.

எந்த மாதத்தில் தொடங்குவது? இதற்கு மருத்துவப் புத்தகத்தில் விதி இல்லை; எங்கள் யோசனை இது. திருச்சிச் சீமையில் சித்திரை, வைகாசி வெயிலில் மாத்திரையை நிறுத்தினால், வேர்ப்பது அக்கினி நட்சத்திரத்தாலா உடம்பாலா என்று யாருக்கும் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடங்கினால் ராத்திரியாவது தூங்கலாம். நடவு வேலை, பெண்ணின் கல்யாணம் என்று மூச்சுவிட முடியாத மாதத்தையும் தள்ளிவிடுங்கள்.

முன்னே சொன்ன ஆராய்ச்சி முடிந்ததும் அந்தப் பெண்களை மறுபடி விசாரித்தார்கள். ஆரம்பத்தில் காந்தல் இருந்து, நிஜ மாத்திரை சாப்பிட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நிறுத்திய பின் அது திரும்பி வந்திருந்தது. அதுவும் 60 வயது தாண்டியவர்களுக்கு! ஆகவே உங்களுக்கு வந்தால் அதிசயம் இல்லை. மூட்டு வலி, தூக்கக் கேடு, காரணமில்லாத கோபமும் வரலாம். பலருக்குச் சில மாதங்களில் தணிகிறது, சிலருக்கு இழுக்கிறது. பருத்திச் சேலை, படுக்கை அருகில் பானைத் தண்ணீர், மாலைக்கு மேல் காப்பி குறைப்பது, தினமும் நடை, இவை கொஞ்சம் உதவும். தாங்க முடியாவிட்டால் ஹார்மோன் இல்லாத மாத்திரைகளும் இருக்கின்றன. மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகள் சிறிய அளவில் காந்தலைக் குறைக்கும். அதுவும் போதாவிட்டால் டாக்டர் மறுபடி குறைந்த அளவில் ஹார்மோனைத் தொடங்கலாம். அதில் வெட்கம் இல்லை. டப்பாவில் மிச்சம் இருந்த பழைய மாத்திரையை நீங்களாகத் தொடங்குவதுதான் தவறு. பேரில்லாப் பொட்டலத்தில் விற்கும் பொடிகளை வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

எல்லா வேர்வையும் இதனால் என்றும் இருந்துவிடாதீர்கள். இருமலும் எடைக் குறைவும் சேர்ந்தால் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். தைராய்டு, சர்க்கரை இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

கணவருக்கு

காந்தல் தணிந்தாலும் ஒன்று தானாகத் தணியாது. பிறப்புறுப்பு வறண்டு, சேர்க்கையின்போது எரியும், வலிக்கும்; அடிக்கடி நீர்க்கடுப்பும் வரும். மனைவி தள்ளிப் படுத்தால், "வயசாச்சு, விருப்பம் போச்சு" என்று முடிவு கட்டாதீர்கள். வலிக்குப் பயந்து ஒதுங்குகிறார். இதற்கு உள்ளே தடவும் களிம்பு உண்டு. அதில் ஈஸ்ட்ரோஜன் மிகச் சிறிய அளவே உடம்பில் ஏறுவதால், மாத்திரையை நிறுத்தியவர்களும் பெரும்பாலோர் பயன்படுத்தலாம். மார்புப் புற்று வந்தவர்கள் மட்டும் அந்த டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. "இதப்போயி எப்படிங்க நர்ஸம்மாகிட்ட சொல்றது?" என்பார்கள். நர்ஸ் அம்மா கேட்காத சங்கதி இல்லை. ஒரு வார்த்தை போதும்: "வறட்சியா இருக்கு."

ராத்திரி மனைவி எழுந்து உட்கார்ந்தால் ஜன்னலைத் திறந்து விடுங்கள். காலையில் அடுப்படியில் அனலுக்குமேல் அனலாக நிற்பவரிடம் இன்னொரு காப்பி கேட்கும் முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

எலும்பும் ரத்தப்போக்கும்

மாத்திரை எலும்பைக் காத்து வந்தது. நிறுத்தியதும் அந்தக் காவல் போய்விடும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. வாரத்தில் நாலு நாள் களியோ கூழோ அடையோ செய்யுங்கள். முருங்கைக்கீரை, எள், மோர், சாப்பிடுபவர்களுக்கு முள்ளோடு மெல்லும் சின்னக் கருவாடு. அம்மா மண்டபம் படித்துறையில் பாசி பிடித்த படியில் குளிக்க இறங்கும்போது கணவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்து நடப்பது பெரும்பாடு. முன்பே மணிக்கட்டு, இடுப்பு, முதுகெலும்பு முறிந்தவர்கள் நிறுத்தும் முன்னே அதைச் சொல்ல வேண்டும். எலும்புக்கு வேறு மருந்து தேவைப்படலாம்.

கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு, நிறுத்திய ஒன்றிரண்டு வாரத்துக்குள் ஒரு முறை மாதவிடாய் போலப் பட்டு நிற்கலாம். அதற்குப் பிறகு ஒரு பொட்டு ரத்தம் பட்டாலும் அந்த வாரத்திலேயே காட்டுங்கள். "பாட்டி திரும்ப வயசுக்கு வந்துட்டா" என்று சிரித்துவிட்டு ஆறு மாதம் தள்ளிப்போட்டு, கர்ப்பப்பைப் புற்று முற்றி வருபவர்கள் உண்டு. ஆரம்பத்தில் வந்தால் பெரும்பாலும் குணமாக்கலாம்.

முதலில் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லுங்கள். அங்கிருந்து தேவைப்பட்டால் திருச்சி புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். போகும்போது மாத்திரை அட்டை, பழைய சீட்டு, ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சீட்டு மூன்றையும் எடுத்துப் போங்கள். ராத்திரியில் சந்தேகம் வந்தால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம். மாத்திரையைக் குறைத்த தேதியைச் சுவர்க் காலண்டரில் வட்டம் போட்டு, எத்தனை ராத்திரி காந்தல் வந்தது என்று கோடு கிழித்து வையுங்கள். அடுத்த முறை டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.