கோப்பு நகலும் வேக வரம்பும்

தெருக் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் ஒரு வீட்டார் மட்டும் மோட்டார் வைத்து உறிஞ்சினால், மற்ற வீட்டுக் குழாய்களில் காற்றுத்தான் வரும். இணைய இணைப்பிலும் இத்தகைய நிலை ஏற்படுவதுண்டு. நம் கணிப்பொறியிலுள்ள கோப்புகளுக்கு வெளியூர்க் கணிப்பொறியில் நகல் எடுத்து வைக்கும் நிரல், தடுப்பார் இல்லையென்றால், இணைப்பு முழுவதையும் தானே எடுத்துக்கொள்ளும். அதே இணைப்பில் காணொளிப் பாடம் பார்க்கும் மாணவனுக்குப் பாடம் நின்று நின்று வரும்.

நகல் வெளியே செல்கிறது; பாடம் உள்ளே வருகிறது. ஒன்று மற்றொன்றை ஏன் தடுக்க வேண்டும்? உள்ளே வரும் தகவலுக்கு, 'கிடைத்தது' என்னும் சிறு ஒப்புகைகள் வெளியே சென்றுகொண்டே இருக்க வேண்டும். நகலின் பைட்டுகள் மோடத்தில் வரிசைகட்டி நின்றால், ஒப்புகையும் அவற்றின் பின்னால்தான் நிற்க வேண்டும். வெளியே செல்லும் பாதையின் வேகம் நொடிக்கு 20 மெகாபிட் என்றும், வரிசையில் 10 லட்சம் பைட்டுகள், அதாவது 80 லட்சம் பிட்டுகள், காத்திருப்பதாகவும் கொள்வோம். வரிசை கரைய 0.4 நொடி ஆகும். இது சிறிய காலமாகத் தோன்றலாம். ஆனால் ஒவ்வோர் ஒப்புகையும் இவ்வாறு தாமதித்தால் எதிர்முனை தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஆகவே நகல் நிரலுக்கு ஒரு வரம்பு விதிக்கிறோம். இதற்கு 'ஆர்சிங்க்' என்னும் நிரலை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் ஆகிய இருவரும் இதை உருவாக்கி 1996-இல் வெளியிட்டனர். திரையில் கட்டளையைத் தட்டச்சு செய்து இதை இயக்க வேண்டும். கோப்பு முழுவதையும் மறுபடி அனுப்பாமல், மாறிய பகுதிகளை மட்டும் கண்டறிந்து அனுப்புவது இதன் சிறப்பு. கட்டளையில் 'பிடபிள்யூலிமிட்' என்ற சொல்லையும் ஓர் எண்ணையும் சேர்த்தால் வேகம் அந்த அளவுக்குள் நிற்கும்.

எப்படி நிற்கிறது? கம்பியில் குழாய்த் திருகு எதுவும் இல்லை. நிரல் ஒரு கட்டுத் தகவலை முழு வேகத்தில் அனுப்பிவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருக்கும். பிறகு அடுத்த கட்டை அனுப்பும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் பஸ், நிறுத்தங்களில் நின்று நின்று சென்றால் அதன் சராசரி வேகம் 30 ஆகிவிடுகிறதல்லவா? நாம் கொடுக்கும் எண் அத்தகைய சராசரி வேகமே. கணத்துக்குக் கணம் அளந்தால் ஏற்ற இறக்கம் தெரியும்.

இனி, பலரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம். இணைப்பு விற்பவர் பிட்டில் பேசுகிறார். ஆர்சிங்க் பைட்டில் பேசுகிறது. வெறும் எண்ணாகக் கொடுத்தால் அதன் அலகு நொடிக்கு 1024 பைட்டுகள். 20 மெகாபிட்டில் பாதியை நகலுக்கு ஒதுக்க விரும்பினால், 1,00,00,000-ஐ 8-ஆல் வகுக்க 12,50,000 பைட்டுகள்; அதை 1024-ஆல் வகுக்க ஏறத்தாழ 1220. இதுதான் எழுத வேண்டிய எண். '10 மெகாபிட் என்றால் 10000 கிலோபிட்' என்று எண்ணி 10000 என எழுதினால் அது நொடிக்கு ஏறக்குறைய 82 மெகாபிட் ஆகும். இணைப்பே 20 மெகாபிட்! வரம்பு இருந்தும் இல்லாததே.

எதிர்த்திசையிலும் தவறு நேரும். கோப்புகளை அனுப்பும் 'எஸ்.சி.பி.' என்ற நிரலிலும் வேக வரம்பு உண்டு. ஆனால் அதன் அலகு கிலோபிட். முன்பு கண்ட 1220-ஐ அப்படியே அங்கே எழுதினால் வேகம் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஒரு நாளில் சேர்ந்த 9 ஜிகாபைட்டை அனுப்ப, சரியான வரம்பில் 2 மணி நேரம் போதும். இப்போதோ 16 மணி நேரம். இரவு 11 மணிக்குத் தொடங்கிய வேலை மறுநாள் பிற்பகல் 3 மணிக்குத்தான் முடியும். காலை 10 மணிக்கு வன்தட்டு பழுதானால், நேற்றைய கோப்புகளில் பலவற்றுக்கு நகல் இராது. இவ்வகைத் தவறு திரையில் பிழைச் செய்தியாக வராது என்பதால், முதல் நாள் கடிகாரத்தை வைத்துச் சரிபார்ப்பதே நல்லது.

வரம்பு ஒவ்வோர் இயக்கத்துக்கும் தனித்தனி என்பதையும் கவனிக்க வேண்டும். இரண்டு ஆர்சிங்க் ஒரே நேரத்தில் ஓடினால் இரண்டும் ஆளுக்கு 1220 எடுத்துக்கொள்ளும். நாம் ஒதுக்கிய பாதி முழுமையாகிவிடும்.

முதல் நகல் வேறு கதை. 900 ஜிகாபைட்டை இதே வரம்பில் அனுப்ப 200 மணி நேரம், அதாவது 8 நாளும் 8 மணியும் ஆகும். வெளியூர்க் கணிப்பொறி பஸ்ஸில் போகும் தொலைவில் இருந்தால், முதல் நகலை ஒரு வன்தட்டில் எடுத்துக்கொண்டு நேரே போய் ஏற்றிவிடலாம். பஸ்தான் வேகம்! பிறகு அன்றாட மாற்றங்களை இணைப்பு பார்த்துக்கொள்ளும்.

இழந்த கோப்புகளைத் திரும்பக் கொண்டுவரும்போது பழைய கட்டளையைத் திசை மாற்றி அப்படியே இயக்குவோர் உண்டு. வரம்பும் உடன் வந்து, அவசர நேரத்தில் நாள்கணக்கில் காக்க வைத்துவிடும். அப்போது எண்ணின் இடத்தில் 0 என எழுத வேண்டும். ஆர்சிங்க் நிரலில் 0 என்றால் 'அனுப்பாதே' என்று பொருளல்ல. 'வரம்பு இல்லை' என்று பொருள்.