அளவை நூற் பயிற்சி

மலைமேற் புகையைக் கண்டு ஆங்கு நெருப்புண்டென உணர்தல், தருக்க நூலார் பலரும் எடுத்துக்காட்டும் அனுமானமாகும். கண்டியில் வாழ்வோர் இதனை நன்கு ஆராய்தல் வேண்டும். என்னை? விடியற்காலத்தில் ஹந்தானை மலைமேல் எழுவது புகையோ பனியோ என நம் கண்கள் பன்முறை மயங்குதலான்.

இம்மயக்கத்தைத் தமிழ்நூலொன்று முன்னரே கூறிற்று. மணிமேகலை 29ஆம் காதையில் அறவணவடிகள், பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்னும் ஐந்துறுப்புக்களைக் கூறிப் பின்னிரண்டையும் திட்டாந்தத்துள் அடக்கி, ஏதுப்போலிகளையும் விரிக்கின்றார். அவற்றுள் சித்தாசித்தம் என்பது, ஆவியோ பனியோ என்னும் ஐயம் நீங்காதிருக்கவும், புகையென்றே கொண்டு நெருப்பைத் துணிதலாம்.

மணிமேகலை பௌத்த நூலன்றோ, சைவர்க்கு அதனாற் பயன் யாது எனின், கூறுதும். அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார் பரபக்கத்திலே, பௌத்தர் நால்வகையாரையும் உள்ளிட்ட பதினான்கு திறத்தார் கொள்கைகளை எடுத்துக்கொண்டார். ஒவ்வொருவர் கொள்கையையும் முதற்கண் அவர் கூறுமாறே நிறுத்திப் பின்னரே மறுத்தார். பிறர் நூலைக் கல்லாதார்க்கு இஃது இயலாது. அவரே, அளவைகள் ஆறென்பாரும் பத்தென்பாரும் உளரேனும், அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்றும் தெளிவித்தார்.

யாம் இளமையில் மிஷன் பாடசாலையொன்றிலே அரிஸ்டாட்டிலின் மூவுறுப்பு நியாயத்தை ஆங்கிலத்திற் கற்றோம். அதனாற் பெற்ற பயன் பெரிது; பெற்ற செருக்கோ அதனினும் பெரிது. அயலில் வாழ்ந்த பௌத்த நண்பரொருவரோடு, அவர் சமயநூல் ஒன்றேனும் படியாது வாதிட்டோம். நிருவாணமாவது உயிர் அறவே அழிதல் என்பது அவர் கொள்கையெனக் கொண்டு, அதனை மறுத்து, வென்றோமென்று களித்தோம். புத்தர் அவ்வழிவுவாதத்தை விலக்கினர் என்பது பின்னரே அறிந்து நாணினோம். யாம் சுட்டது நண்பர் கொள்கையையன்று, எமது பனிப்படலத்தையே.

இப்பிழை வாதத்தோடு நில்லாது. 2018 மார்ச்சில் இம்மாவட்டத்துத் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. ஒரு சிலர் செய்த குற்றம் ஒரு சமூகம் முழுவதன்மேலும் ஏற்றப்பட்டது. சமூக வலைத்தளங்களிற் பரவிய பொய்யுரைகள் அதற்கு நெய்யாயின. சிலரிடத்துக் கண்டதனை எல்லாரிடத்தும் உளதென்றல் வியாத்தியில்லாத ஏது. ஆராயாது ஏற்ற செய்தி உரையளவை ஆகாது. பனியைப் புகையென்றார் முடிவில் மெய்யான நெருப்பையே மூட்டினர்.

ஆதலின் உயர்தர வகுப்பில் அளவையியல் பயிலும் நம் மாணாக்கர், அதனைப் பரீட்சைக்குரிய பாடமென்று மட்டும் கருதற்க. அன்னம்பட்டர் வடமொழியிற் செய்த தருக்கசங்கிரகத்தைச் சிவஞான முனிவர் தமிழாக்கினர். ஆறுமுக நாவலர் அதனை அச்சேற்றினர். அதனை முதற்கண் கற்க. அடுத்துச் சித்தியாரின் அளவைப் பகுதியையும், பின்னர் மணிமேகலையின் 27, 29ஆம் காதைகளையும் கற்க. ஆங்கிலம் வல்லார், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்பித்த கே. என். ஜயதிலக, ஆதி பௌத்தரின் அறிவுக் கொள்கையை ஆராய்ந்து 1963இல் வெளியிட்ட நூலையும் கற்க.

கற்றபின், பிறர் கூற்றை அவரே ஆமென்று ஒப்புமாறு எடுத்துச் சொல்லிப் பழகுக. அது கைவந்தபின் மறுத்தல் பற்றி எண்ணுக.