தக்காளிக்கு வேண்டியது வெயிலா, வெதுவெதுப்பா?

குளிர்நாடுகளில் திறந்தவெளியில் தக்காளி போடுகிறவர்களிடம் ஆண்டுதோறும் ஒரே குறைதான். செடி தளதளவென்று வளர்ந்தது, காயும் பிடித்தது, பழுக்கத்தான் இல்லை. ஏன் என்று கேட்டால் ‘வெயில் போதவில்லை’ என்பார்கள். இலையைக் கழித்துவிடு, இன்னும் முன்னதாக விதை, உரத்தைக் கூட்டு என்று அடுத்தடுத்து வரும் யோசனைகளும் பெரும்பாலும் இதையொட்டியவைதான். ஆனால் ஜூன் கடைசியில் லண்டனில் பகல் ஏறத்தாழ 16½ மணி நேரம் நீள்கிறது, எடின்பரோவில் 17½ மணி நேரம். அதே நாளில் சென்னைக்குக் கிடைப்பது 13 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. மேகமூட்டத்தையும் வெயிலின் சாய்வையும் கழித்துக்கொண்டாலும், கோடையில் அங்கே வெளிச்சத்துக்குப் பெரிய பஞ்சம் இல்லை. பஞ்சமெல்லாம் வெப்பத்துக்குத்தான், குறிப்பாக இரவு வெப்பத்துக்கு. ஜூலையில் லண்டனின் சராசரி பகலில் 23 டிகிரி செல்சியஸை ஒட்டியும் இரவில் 14ஐ ஒட்டியும் இருக்கும். எடின்பரோவில் அது 19, 11 என்று இறங்கிவிடுகிறது. ஆகவே வெளிச்சத்தை மனதில் வைத்துச் சொல்லப்படும் யோசனைகளில் பலவும் குறி தவறியவை.

நம்பிக்கை 1: காயின்மேல் வெயில் பட்டால்தான் பழுக்கும்.

முற்றிய தக்காளிக்காய் எத்திலீன் என்ற வாயுவைத் தானே வெளியிடத் தொடங்கும்போது பழுக்க ஆரம்பிக்கிறது. பச்சையம் சிதைந்து, லைக்கோபீன் என்ற சிவப்பு நிறமி சேர்கிறது. இதற்குத் தோதான வெப்பம் 20 முதல் 25 டிகிரி. 30ஐத் தாண்டினால் லைக்கோபீன் உருவாவது தடைபட்டுப் பழம் மஞ்சளும் ஆரஞ்சுமாக நின்றுவிடும். 10ஐ நெருங்கினால் எல்லாமே மந்தமாகிவிடும். வெளிச்சம் நிறத்துக்கு ஒரு பங்கும் தருவதில்லையா என்று கேட்கலாம். தருகிறது, ஆனால் அது இல்லாமலும் காரியம் நடக்கும். முற்றிய காயைப் பறித்து இருட்டான அலமாரியில் வைத்தாலும் அது சிவக்கிறதே. காய் முற்றிவிட்டதா என்று அறிய ஒன்றைக் குறுக்கே அரிந்து பார்க்கலாம். விதையைச் சுற்றிக் கொழகொழப்பு சேர்ந்து, கத்தி பட்டதும் விதை வெட்டுப்படாமல் நழுவினால், அதே பருவத்தில் உள்ள மற்ற காய்கள் வீட்டுக்குள் பழுக்கும். விதையே இரண்டாக அறுபட்டால் அவை இன்னும் பிஞ்சு, பறித்து வைத்தால் வெம்பித்தான் போகும். இலையைக் கழிப்பதோ இரட்டை நட்டம். பழத்துக்குச் சர்க்கரை தருவது அந்த இலைதான், போதாததற்கு திடீரென நேர்வெயில் படும் காய் வெளிறி வெந்துபோகவும் கூடும். மண்ணைத் தொடும் அடியிலைகளைக் கிள்ளுவது மட்டும் சரி. அதுவும் நோய் ஏறாமல் இருக்கத்தானே தவிர வெயிலுக்காக அல்ல.

நம்பிக்கை 2: முந்தி விதைத்தால் முந்திப் பழம் கிடைக்கும்.

கோடை குறுகியது என்பதால் இந்த எண்ணம் நியாயமாகவே தோன்றும். ஆனால் ஜனவரியில் விதைத்து ஜன்னலோரம் வைக்கிற நாற்றுக்கு வெளிச்சம் உண்மையாகவே போதாது. வெயில் குறையைப் பற்றிப் பேச வேண்டிய இடம் இது ஒன்றுதான். நாற்று வெளிறி நெடுநெடுவென்று நீளும், தொட்டிக்குள் வேர் சுருளும். அதைக் குளிர்ந்த மண்ணில் நட்டால் வேர் ஓடாமல் வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். பின்னால் நட்ட இளநாற்று அதை எட்டிப்பிடித்துவிடும். நடவுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் முன்னால் விதைத்து, இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகாத காலத்தில் நடுவதே முறை. தெற்கு இங்கிலாந்தில் அது மே கடைசி, ஜூன் முதல் வாரம்.

விதை உறையில் அச்சிட்டிருக்கும் ‘60 நாள்’ என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். அது நடவிலிருந்து எண்ணப்படுவது, அதுவும் வெப்பமான சூழலில். நாளின் சராசரி வெப்பத்தில் 10 டிகிரி போக மிஞ்சுவதே தக்காளியின் வளர்ச்சிக்கு வரவு என்று வேளாண்மையில் கணக்கிடுவது வழக்கம். பகலில் 28, இரவில் 18 உள்ள ஊரில் நாள் வரவு 13. 60 நாளில் 780 சேர்ந்துவிடும். லண்டன் ஜூலையில் நாள் வரவு 8½, ஆகவே அதே 780க்கு 92 நாள் வேண்டும். எடின்பரோவில் வரவு வெறும் 5, அங்கே 156 நாள். தோராயக் கணக்குதான் என்றாலும், பெரிய பழம் தரும் ரகங்கள் ஸ்காட்லாந்தில் திறந்தவெளியில் ஏன் பச்சையாகவே நின்றுவிடுகின்றன என்பதை இது சொல்லிவிடுகிறது. உரத்தைக் கூட்டி இந்தப் பற்றாக்குறையை நிரப்ப முடியாது. தழைச்சத்து மிஞ்சினால் இலைதான் பெருகும்.

காய் பிடிப்பதிலும் இதே கதைதான். இரவு 13 டிகிரிக்குக் கீழே போனால் மகரந்தம் சரியாக வேலை செய்யாமல் பூ உதிர்கிறது. தமிழ்நாட்டுச் சித்திரை வெயிலில் பூ உதிர்வது இதன் மறுகோடி. வெயில் ஏற ஏறத் தக்காளிக்கு நல்லது என்ற எண்ணத்துக்கு நம் ஊர் வயலே மறுப்பு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பாகெட் இந்தச் சிக்கலை ரகத்தின் வழியே அணுகினார். அவர் உருவாக்கிய ஓரிகன் ஸ்பிரிங், சிலெட்ஸ், லெஜண்ட் ஆகியவை குளிரில் மகரந்தச் சேர்க்கை தவறினாலும் காய் பிடிக்கும். அப்படிப் பிடிக்கும் காய்களில் விதை இருக்காது, அல்லது குறைவாக இருக்கும்.

நம்பிக்கை 3: செடி கருகினால் அது குளிரின் வேலை.

பிரிட்டனில் ஆகஸ்டு மாதத்தில் ஒரே வாரத்தில் தோட்டமே பழுப்பேறிச் சாய்வது பெரும்பாலும் குளிரால் அல்ல, ஃபைட்டோஃப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் என்ற கிருமியால். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும்பஞ்சத்தைத் தொடங்கிவைத்த அதே இலைக்கருகல் நோய் இது. ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டன் ஆய்வு நிறுவனம் வகுத்த எச்சரிக்கை அளவுகோலைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். தொடர்ந்து இரண்டு நாள் வெப்பம் 10 டிகிரிக்குக் குறையாமல், ஒவ்வொரு நாளும் குறைந்தது ஆறு மணி நேரம் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நோய் பரவ வாய்ப்பு உண்டு. கிருமிக்கு வேண்டியது கடுங்குளிர் அல்ல, மிதமான வெப்பமும் ஈர இலையும்தான். சியாட்டிலின் கோடையும் லண்டனைப் போல மிதமானதுதான். ஆனால் அங்கே ஜூலையில் இரண்டு சென்டிமீட்டர் மழைகூடப் பெய்வதில்லை. நோய் அங்கேயும் உண்டு என்றாலும், இலை உலர்ந்திருக்கும் மாதங்களில் பழத்தைப் பறித்துவிட முடிகிறது.

தண்டில் செம்புக் கம்பியைக் குத்திவைத்தால் நோய் வராது என்று ஒரு கைவைத்தியமும் உலவுகிறது. செம்பு மருந்து இலைப்பரப்பில் படிந்து நின்றுதான் கிருமியைத் தடுக்கிறது. தண்டில் செருகிய கம்பி இலைக்கு அந்தப் படலத்தைத் தராது. செடிக்கு மேலே மழை மறைக்க ஒரு பாலித்தீன் கூரை, காற்றோட்டத்துக்கு இடைவெளி, வேரடியில் மட்டும் தண்ணீர், இவைதான் பலன் தருபவை. கிரிம்சன் கிரஷ், மவுண்டன் மேஜிக் போன்ற எதிர்ப்புள்ள ரகங்களும் உண்டு. நோயே அண்டாது என்று அவற்றுக்குப் பொருளல்ல, அறுவடைக்கு அவகாசம் கிடைக்கும் என்பதே பொருள்.

அப்படியானால் கண்ணாடிக் குடில் இல்லாமல் தக்காளியே வேண்டாமா என்று கேட்கலாம். தெற்கு இங்கிலாந்து அளவுக்கு வெப்பம் உள்ள இடத்தில் அப்படி ஒதுக்கத் தேவையில்லை. தெற்கு நோக்கிய சுவரடியில் நட்டால், பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் இரவில் திருப்பித் தரும். நட்ட புதிதில் வைக்கோல் மூடாக்கு மண்ணைக் குளிர்ச்சியாகவே வைத்திருக்கும், அதற்குப் பதில் கறுப்பு பாலித்தீன் விரிக்கலாம். சீக்கிரம் பழுக்கும் சிறுபழ ரகமாகத் தேர்ந்து, நான்கு கொத்து காய் பிடித்ததும் நுனிக்கொழுந்தைக் கிள்ளிவிடச் சொல்கிறது பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம். அதற்குமேல் பூக்கும் பூவுக்குப் பழமாகும் அளவு வெப்பம் அந்த ஆண்டில் மிச்சம் இருக்காது. எடின்பரோபோல அதற்கும் குளிர்ந்த ஊரில் பெரிய பழத்துக்கு ஆசைப்படுகிறவர் குடில் போட்டுத்தான் ஆக வேண்டும். இலையைக் கழித்தோ உரத்தைக் கொட்டியோ அந்தச் செலவைத் தவிர்க்க முடியாது.