அடைக்கலம் புகுந்தவன் செய்யும் தீர்மானம்

கம்பம் பள்ளத்தாக்கில் பயிர்செய்வோர்க்கு இதனைப் புதிதாகச் சொல்லவேண்டுவதில்லை. இங்குள்ள இருபோக வயல்களின் தண்ணீர் மலைக்கு அப்பால் பெய்யும் மழையிலிருந்து வருகின்றது. 1895-ஆம் ஆண்டில் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டது முதல் அந்நீர் கிழக்கே திரும்பி நம் நிலங்களில் பாய்கின்றது. அம்மழையை இங்கிருந்து எவரும் காண்பதில்லை. ஆயினும் மதகு திறக்குமுன்பே உழவர் வாய்க்காலைத் தூர்வாருகிறார். விதைநெல்லை எடுத்து வைக்கிறார். தண்ணீர் வரும் என்று வாயால் சொல்லிக்கொண்டு வாய்க்காலைத் தூர்ந்து கிடக்க விட்டவனுடைய நம்பிக்கை எத்தகையது என்பதை ஊரார் அறிவர்.

எம்பெருமான் அருளிய வாக்குறுதிகளிலும் இவ்வாறே. சரணமென்று ஒருமுறை வந்தவரைக் காப்பது தன் விரதம் என்று ஸ்ரீராமபிரான் கடற்கரையில் உரைத்தருளினார். பாவங்களினின்று யானே விடுவிப்பேன், வருந்தவேண்டா என்று கண்ணபிரான் பார்த்தனுக்கு அபயமளித்தான். இவ்வபயங்களை நம்பி நிற்பதையே பூர்வாசாரியர்கள் மஹாவிச்வாஸம் என்று ப்ரபத்தியின் ஐந்து அங்கங்களுள் வைத்தனர். அவ்வைந்தில் வேறு இரண்டையும் நோக்குக: அநுகூலமானவற்றைச் செய்யச் சங்கல்பித்தல், ப்ரதிகூலமானவற்றை விடுதல். இவை தீர்மானங்கள் அல்லவா? விச்வாஸத்தோடு ஒரே வரிசையில் இவற்றை வைத்தது காரணமின்றி அன்று.

விபீஷணாழ்வானும் அபயம் பெற்றபின் ஓரத்தில் அமர்ந்துவிடவில்லை. இலங்கையின் காவலும் படைபலமும் எத்தகையன என்று எடுத்துரைத்தான். கடலைக் கடக்க உபாயமும் சொன்னான்.

இன்று நம்மில் சிலர், மகள் திருமணமோ, நிலம் விற்பதோ, அறுவைச் சிகிச்சையோ எதுவாயினும் திருமுன்பு பூக்கட்டிப் பார்த்து முடிவு செய்கின்றனர். அவ்வழக்கத்தைப் பழிக்கவேண்டுவதில்லை. ஆனால் விசாரித்தறியவும் பெரியோரைக் கேட்கவும் சோம்பி, அப்பொறுப்பைப் பெருமாள் தலையில் ஏற்றுவதைச் சரணாகதி என்று சொல்லுதல் பொருந்தாது.

இதற்குப் பிள்ளை லோகாசாரியரைக் காட்டிலும் சிறந்த சான்று அரிது. சரம ச்லோகத்தின் உட்பொருளை முமுக்ஷுப்படியில் விரித்தருளிய ஆசாரியர் அவர். 1323-ஆம் ஆண்டில் தில்லிப் படைகள் திருவரங்கத்தை நெருங்கின. காப்பவன் காப்பான் என்று அவர் சும்மா இருந்தாரா? மூலவரைக் காணாதபடி சுவர் எழுப்பினர். நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு, முதிர்ந்த பிராயத்தில், சிலரோடு தெற்கே நடந்தார். வழியில் கள்வர் திருவாபரணங்களைக் கவர்ந்தனர். தம்மிடம் இருந்தவற்றையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டார் என்று குருபரம்பரை கூறும். பொருளைக் காக்க நின்றிருந்தால் பெருமாளுக்கே அபாயம் நேர்ந்திருக்கும். எதைக் கட்டாயம் காக்கவேண்டும், எதை விடலாம் என்னும் தெளிவு அஞ்சியவனுக்கு அவ்வேளையில் வாராது.

அதே இடரில் ஸ்வாமி தேசிகன், பிணக்குவியலிடையே மறைந்திருந்து ச்ருதப்ரகாசிகை ஓலைகளையும், ஸுதர்சன ஸூரியின் புதல்வர் இருவரையும் காத்து மேலைநாடு சென்றார் என்பர். பூனைக்குட்டி, குரங்குக்குட்டி நியாயங்களைச் சொல்லி இருகலையாரும் வாதிப்பது உண்டு. அன்று அவ்விரு ஆசாரியர்களும் செய்ததில் என்ன வேற்றுமை கண்டோம்!

மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடியை அடைந்த பிள்ளை லோகாசாரியர் தம் அந்திமகாலம் நெருங்கியதை உணர்ந்தார். திருவரங்கம் மீளுமா என்பது அப்போது எவருக்கும் தெரியாது. அந்நிலையிலும், மதுரையில் அரசு அலுவலில் அமர்ந்திருந்த திருமலையாழ்வாரைத் திருத்தி ஸம்ப்ரதாயத்திற்கு ஆக்கவேண்டும் என்று கூரகுலோத்தம தாஸர் முதலிய சீடர்களுக்கு நியமித்துப் பரமபதித்தார். தாஸரும் பன்முறை முயன்று அவரைத் திருத்தினார். அவரே பின்னர்த் திருவாய்மொழிப் பிள்ளை என்று போற்றப்பெற்றார். 1370-இல் அவதரித்த மணவாள மாமுனிகளுக்கு ஆசாரியராகவும் ஆனார். 1371-இல், நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்தபின், நம்பெருமாள் திருவரங்கம் மீண்டருளினார்.

ஜ்யோதிஷ்குடி எனப்பட்ட அவ்விடம் இன்று கொடிக்குளம் எனப்படுகின்றது. ஆனைமலைச் சாரலில், ஒத்தக்கடைக்கு அண்மையில், வேதநாராயணப் பெருமாள் ஸந்நிதி உள்ளது. லோகாசாரியரின் திருவரசும் அங்கேயே. தேனியிலிருந்து மதுரைக்குச் செல்லும் அன்பர்கள் சற்றே வழிவிலகிச் சென்று சேவித்து வரலாம்.