உப்பிய பாக்கெட்டுக்கு யார் பொறுப்பு?



சென்னீர்குப்பம், பூந்தமல்லி, ஆவடி வட்டாரங்களில் மளிகைக் கடைகளிலும் கண்ணாடிக் கதவு வைத்த குளிர்பெட்டி வந்துவிட்டது. பால், தயிரோடு, காற்றை உறிஞ்சி மூடிய 'வேக்குவம் பேக்' இறைச்சியும் அதில் இடம்பெறுகிறது. சரக்கு நல்லது, லாபமும் உண்டு. ஆனால் தேதி முடியும் முன்பே பாக்கெட் பலூன் போல உப்பிவிட்டால் வழக்கு தொடங்கிவிடுகிறது. "உங்கள் கடையில் இரவு கரண்ட் போயிருக்கும்" என்பார் விநியோகஸ்தர். "வரும்போதே கோளாறு" என்பார் கடைக்காரர். கடைசியில் நஷ்டம் பெரும்பாலும் சிறு வணிகர் தலையில்தான் விழும். இந்தச் சச்சரவைத் தீர்க்க ஆய்வுக்கூடத்தால் முடியும். ஆனால் எந்தச் சோதனை வேண்டும் என்று நாம் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பாக்கெட்டுக்குள் நடப்பது என்ன?

இறைச்சியைச் சாதாரணமாகக் கெடுக்கும் கிருமிகளுக்குக் காற்று தேவை. காற்றை எடுத்துவிட்டால் அவை ஒடுங்கிவிடும். அவற்றின் இடத்தில் தயிரைப் புளிக்க வைக்கும் இனத்தைச் சேர்ந்த லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் மெதுவாக வளரும். அதனால் நாளானால் லேசான புளிப்பு வாடை வரும். பாக்கெட் பெரிதாக உப்பாது.

பாக்கெட் உப்புவதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, குளிர் குறைந்து, குடல்வாழ் கிருமிகளின் இனத்தைச் சேர்ந்தவை பெருகி வாயுவை உண்டாக்குவது. மற்றது, குளிரிலேயே வளரும் ஒருவகைக் கிருமி. 1989-ல் பிரிட்டனில், சரியான குளிரில் வைத்த மாட்டிறைச்சிப் பாக்கெட்டுகள் உப்பிய விவரத்தை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதற்குக் காரணமான கிருமிக்கு 1992-ல் 'கிளாஸ்ட்ரிடியம் எஸ்டர்தெட்டிக்கம்' என்று பெயரிட்டார்கள். இறைச்சி ஏற்றுமதி செய்யும் நியூசிலாந்திலும் இதே வேலையைச் செய்யும் இனங்கள் கண்டறியப்பட்டன. பூஜ்யம் டிகிரிக்குச் சற்றுக் கீழேயும் இது வளரும். ஹைட்ரஜன், கரியமில வாயு ஆகியவற்றை உண்டாக்கிப் பாக்கெட்டை உப்ப வைக்கும். திறந்தால் கடும் நாற்றம் வீசும்.

இதன் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் தோலிலும் இருப்பவை. அறுக்கும் இடத்தில் தோலுரிக்கும்போது இறைச்சியில் ஒட்டிக்கொண்டு, பாக்கெட்டோடு நம் கடைக்கு வந்துவிடும். கடைக்காரர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் மூடிய பாக்கெட்டுக்குள் இருப்பதை அவர் தடுக்க முடியாது.

எந்தச் சோதனை?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். வழக்கமான 'மொத்தக் கிருமி எண்ணிக்கை'ச் சோதனையில் மாதிரியை 30 அல்லது 37 டிகிரி வெப்பத்தில், காற்றுப்பட வைத்து வளர்ப்பார்கள். நாம் சொன்ன கிருமி அந்த வெப்பத்தில் வளராது, காற்றிலும் வளராது. ஆகவே பாக்கெட் உப்பியிருந்தும் அறிக்கையில் குறை தெரியாமல் போகலாம். காற்றில்லாமல் குளிரில் வளர்த்துப் பார்ப்பது ஒரு வழி. அதற்கு வாரக்கணக்கில் ஆகும். பாக்கெட்டுக்குள் கசிந்த நீரை எடுத்து, கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் அறிந்த பி.சி.ஆர். முறையில் கிருமியின் மரபணுவைத் தேடுவது விரைவான வழி. எல்லா ஆய்வுக்கூடமும் இதைச் செய்வதில்லை. "குளிரில் வளரும் கிளாஸ்ட்ரிடியத்துக்குச் சோதனை உண்டா?" என்று முதலில் கேட்டுவிட்டு மாதிரியைக் கொடுங்கள். வேப்பேரி சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் இறைச்சி அறிவியலுக்கென்றே துறை இருக்கிறது. அங்கே ஆலோசனை கேட்கலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். கிருமி இன்னதென்று தெரிந்தால் மட்டும் போதாது. குளிர் குறைந்தால் இந்தக் கிருமியும் வேகமாகப் பெருகும். எனவே குளிர்பெட்டியின் வெப்பநிலைக் குறிப்பும் அறிக்கையோடு சேர்ந்தால்தான் நம் பக்கம் பலப்படும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 26-வது பிரிவின்படி, நமக்குச் சரக்கு விற்பவர் அதன் தரத்துக்கு எழுத்து மூலம் உத்தரவாதம் தர வேண்டும். அவர் தரும் பில்லே அந்த உத்தரவாதமாகக் கருதப்படும். பில் இல்லாமல் சரக்கு எடுப்பவர் இந்தப் பாதுகாப்பைத் தாமே கைவிடுகிறார். உரிய முன்னெச்சரிக்கையோடு நடந்ததாக நிரூபித்தால் 80-வது பிரிவின்படி அது தற்காப்பாகும். ஆனால் 27-வது பிரிவின்படி, தேதி கடந்த சரக்கையும் சுகாதாரக் கேடான நிலையில் வைத்த சரக்கையும் விற்றால் பொறுப்பு நம்முடையதே.

கடையில் செய்ய வேண்டியவை

1. சரக்கு இறக்கும்போதே வெப்பமானியால் குளிரைப் பார்த்து, பில்லின் பின்புறம் நேரத்தோடு எழுதுங்கள்.

2. குளிர்பெட்டியை 4 டிகிரிக்கு மேல் போகவிடாதீர்கள். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் ஒரு நோட்டில் குறியுங்கள். மின்வெட்டு நேரத்தையும் மறைக்காமல் எழுதுங்கள்.

3. உறை தளர்ந்த பாக்கெட் வேறு, உப்பிய பாக்கெட் வேறு. தளர்ந்திருந்தால் உறையில் ஓட்டை இருக்கலாம். இரண்டையும் விற்பனையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

4. உப்பிய பாக்கெட்டைத் திறக்காதீர்கள். ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றாதீர்கள். தொகுதி எண் தெரியும்படி படம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுக்கு அனுப்புங்கள். பிரீசரில் உறைய வைக்க வேண்டாம்.

5. அதே தொகுதியின் மற்றப் பாக்கெட்டுகளைத் தனியே வைத்து, விநியோகஸ்தருக்கு அன்றே எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

குளிரில் வளரும் இந்தக் கிருமி மனிதருக்கு நோய் தந்ததாக அறியப்படவில்லை என்பது உண்மையே. ஆனால் காற்றில்லாத பாக்கெட்டில் உயிரைப் பறிக்கும் போட்டுலினம் நஞ்சை உண்டாக்கும் கிருமியும் வளரக்கூடும். கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ அதை அறிய முடியாது. ஆகவே பாதி விலைக்கும் உப்பிய பாக்கெட்டை விற்காதீர்கள். ஒரு பாக்கெட்டின் நஷ்டத்தை அடுத்த வாரம் ஈடுகட்டலாம். தெருவில் போன பெயரை மீட்க வருடங்கள் ஆகும்.