சமச்சீர்மை: அடையாளமும் காவலும்

நீர் உறைந்து பனிக்கட்டியாவதை நாம் அறிவோம். நீரில் எவ்விடமும் ஒரு தன்மைத்து. பனிக்கட்டியிலோ மூலக்கூறுகள் குறித்த இடங்களில் வரிசையுற நிற்கின்றன. எங்கும் ஒன்றாயிருந்த சமச்சீர்மை குலைந்துவிடுகிறது. இரும்பும் இத்தகையதே. 770 பாகை செல்சியசுக்கு மேல் அதனுள் எத்திசைக்கும் தனிச்சிறப்பில்லை. அதற்குக் கீழே ஒரு திசை மேலோங்கிக் காந்தத்தன்மை பிறக்கிறது. சமச்சீர்மையின் குலைவே பருப்பொருள் நிலைகளைப் பிரித்தறியும் அடையாளம் என 1937இல் லாந்தாவ் என்னும் சோவியத் அறிஞர் கோட்பாடு வகுத்தார். நெடுங்காலம் அதுவே போதுமெனக் கருதப்பட்டது.

1980இல் ஜெர்மானிய அறிஞர் கிளாஸ் வான் கிளிட்சிங், கடுங்குளிரிலும் வலிய காந்தப் புலத்திலும் சிலிக்கான் கருவியொன்றின் மின்தடையை அளந்தார். குறுக்குத் தடையின் மதிப்பு படிப்படியாய் மாறியது. ஒவ்வொரு படியும் 25,812.8 ஓமை ஒரு முழு எண்ணால் வகுத்த ஈவாக அமைந்தது. பொருளில் மாசு இருந்தும் அம்மதிப்பு பிறழவில்லை. படிக்குப் படி நிலை வேறாயினும், அங்கே குலைந்த சமச்சீர்மை யாதொன்றும் இல்லை! ஆயின் வேறுபாடு எதனால் வந்தது?

1982இல் தவ்லெசும் அவர்தம் துணைவரும் விடை கண்டனர். வடையை நசுக்கினாலும் நீட்டினாலும், பிய்க்காதவரை அதன் துளை ஒன்றே. அரைத்துளை என்பது இல்லை. இங்ஙனம் சிதைவால் மாறாத பண்புகளை ஆராயும் கணிதமே இடத்தியல். எலக்ட்ரான்களின் அலைவடிவத்திலும் இத்தகைய முழு எண் ஒன்று பொதிந்துள்ளது என அவர்கள் காட்டினர். இடத்தியல் நிலைகளை ஆய்ந்தமைக்காகத் தவ்லெஸ், ஹால்டேன், காஸ்டர்லிட்ஸ் மூவரும் 2016இல் நோபல் பரிசு பெற்றனர்.

அங்ஙனமாயின் சமச்சீர்மைக்கு இனி வேலை இல்லையோ? உண்டு, அதுவும் புதிய வேலை. 2005இல் கேன், மெலே இருவரும் காந்தப் புலமின்றியே அமையும் ஓர் இடத்தியல் நிலையை முன்மொழிந்தனர். அதன் உட்பகுதி மின்சாரத்தைக் கடத்தாது, விளிம்பு கடத்தும். விளிம்பில் வலம் செல்லும் எலக்ட்ரான்கள் ஒரு தற்சுழற்சியும், இடம் செல்வன அதற்கு எதிர்ச்சுழற்சியும் உடையன. காலத்தைப் பின்னோக்கி ஓட்டுவதாகக் கொண்டால் திசையும் சுழற்சியும் ஒருசேர மாறும்; இரு வரிசைகளும் தம்முள் இடம் மாற, மொத்தக் காட்சி மாறாது நிற்கும். இதுவே காலமீட்சிச் சமச்சீர்மை. இது நிலவும்வரை சாதாரண மாசு எதிர்ப்பட்டாலும் எலக்ட்ரான் திரும்பிப் பாய்வதில்லை. காந்த மாசு புகுந்தாலோ சமச்சீர்மை குலையும், பாதுகாப்பும் அகலும். 2007இல் வூர்ஸ்பர்க் நகர ஆய்வாளர்கள் பாதரச டெல்லுரைடின் மெல்லிய அடுக்கில் இந்நிலையைக் கண்டனர்.

ஈண்டு மாணவர் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். கிளிட்சிங் கண்ட நிலைக்குக் காலமீட்சிச் சமச்சீர்மையின் காவல் வேண்டியதில்லை. கேன், மெலே கூறிய நிலையோ அக்காவலின்றி நில்லாது. முன்னர்ச் சமச்சீர்மை குலைந்ததனால் நிலைகளை அறிந்தோம். இன்று அது குலையாது காப்பதனாலும் அறிகிறோம்.