வடக்கு நோக்கி அமரும் முன்னே

அய்யா துணை

அன்புக்கொடி மக்களுக்கு மரணம் முடிவு அன்று. தர்ம யுகம் மலரும் நாளை எதிர்பார்த்துத் தவத்தில் அமரும் நேரம். அதனால்தான் அய்யாவழியில் உடலை எரிப்பதில்லை. பத்மாசனத்தில் வடக்கு நோக்கி அமர்த்தி, திருநாமம் சாற்றி, பெட்டி எதுவும் இல்லாமல் மண்ணில் அடக்கம் செய்வது வழக்கம். இதை அறியாத அன்பர் இல்லை. ஆனால் தனக்கு அந்த நேரம் வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று தன் வீட்டாரிடம் சொல்லி வைத்தவர் எத்தனை பேர்?

கடலோர ஊர் ஒன்றில் ஒரு பெரியவர். பல வருடம் தாங்கலில் ஏடு வாசித்தவர். ஒருநாள் இரவில் உயிர் பிரிந்தது. மகன்கள் இருவரும் வளைகுடா நாட்டில் வேலை. "நாங்க வந்து அப்பா முகத்தைப் பார்க்கணும்" என்று போனில் அழுதார்கள். ஃபிரீசர் பெட்டி வந்தது. மகன்கள் வந்து சேர இரண்டு நாள் ஆனது. பெட்டியைத் திறந்தபோது கை கால் மடங்கவில்லை. "படுக்க வைத்தே அடக்கலாம்" என்றார் ஒருவர். "மின் மயானத்துக்குக் கொண்டு போனால் சீக்கிரம் முடியும்" என்றார் சம்பந்தி வீட்டார். உடலை முன்னே வைத்துக்கொண்டே வாக்குவாதம். கடைசியில் படுத்த நிலையில்தான் அடக்கம் நடந்தது. "அப்பா ஆசைப்பட்டது இது இல்லை. ஆனா எங்ககிட்ட ஒரு நாளும் வாய் திறந்து சொல்லலையே" என்று மகள் இன்றும் சொல்லி அழுகிறாள்.

அங்கே பக்தி குறையவில்லை, பாசமும் குறையவில்லை. குறைந்தது ஒரே ஒரு பேச்சு.

சாவைப் பற்றிப் பேசினால் அச்சானியம் என்று வீடுகளில் வாயை அடைத்துவிடுகிறார்கள். அய்யாவின் மக்களுக்கு அந்தப் பயம் பொருந்தாது. அகிலத்திரட்டு ஏடு அரிகோபாலன் சீடர் வழியாக எழுதப்பட்டது கொல்லம் 1016 கார்த்திகையில், அதாவது 1840-இல். அய்யா வைகுண்டம் எழுந்தருளியது கொல்லம் 1026 வைகாசி 21, அதாவது 1851-இல். ஏறக்குறைய பத்து வருடத்துக்கு முன்பே மக்களுக்கு வேண்டியதெல்லாம் எழுத்தில் இருந்தது. பின்னால் நிற்பவர்கள் தடுமாறக் கூடாது என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

ஒவ்வொரு அன்பரும் உடல் நலமாக இருக்கும்போதே சொல்லி வைக்க வேண்டியவை இவை:

1. அடக்கம். உயிர் பிரிந்த சில மணி நேரத்திலேயே உடல் விறைக்கத் தொடங்கிவிடும். முதலில் தாடையும் கழுத்தும், பிறகு கை கால்களும் விறைக்கும். ஆகவே அமர்த்தி அடக்கம் செய்ய விரும்புகிறவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். முறை தெரிந்த தாங்கல் பெரியவர் இருவரின் பெயரையும் போன் எண்ணையும் வீட்டில் எழுதி வைக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்காகக் காத்திருப்பதா என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். "நீ வர நாளானால் எனக்காகக் காக்க வேண்டாம், மனசு கலங்காதே" என்று தகப்பன் வாயால் கேட்ட மகன் பிறகு தன்னையே நொந்துகொள்ள மாட்டான். அமர்த்த முடியாமல் போனாலும் அது பிள்ளைகள் குற்றம் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2. இடம். எந்த மயானம், அங்கே புதைக்க இடம் உண்டா என்று இப்போதே விசாரிக்க வேண்டும். சொந்தத் தோட்டம்தானே என்று நினைத்துவிடக் கூடாது. ஊராட்சியில் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். நகரத்தில் வாடகை வீட்டில் இருப்பவர் ஊருக்குக் கொண்டு போவதா, இருக்கும் இடத்திலேயே அடக்குவதா என்பதைச் சொல்லட்டும்.

3. சொத்து. உயில் எழுத முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும். எழுதியவர் கையெழுத்தும், அதைக் கண்ட இரண்டு சாட்சிகள் கையெழுத்தும் வேண்டும். பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனால் செய்தால் நல்லது. உயிருள்ளவரை எத்தனை முறையும் மாற்றலாம். வங்கிக் கணக்கில் நாமினியாக இருப்பவர் பணத்தை வாங்கலாம். அதனாலேயே அது அவருக்கு மட்டும் சொந்தமாகிவிடாது. உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் அவருடைய சொந்த சம்பாத்தியத்தில் தாய், மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு உண்டு. மகளை விட்டுவிட்டுப் பங்கு பிரித்து வீட்டில் வழக்கு வளர்ப்பது தர்மம் அல்ல.

4. வைத்தியம். பிழைக்க வழியில்லாத நிலையில் கருவி பொருத்தி உயிரை நீட்ட வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்க உச்ச நீதிமன்றம் 2018-இல் இடம் கொடுத்தது. 2023-இல் அதன் முறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்திட வேண்டும். எழுதுவதும் எழுதாததும் அவரவர் விருப்பம்.

5. செலவு. பந்தல், மேளம், வெடி என்று கடன் வாங்கச் சொல்லி அய்யா கேட்கவில்லை. "எனக்காகக் கடன் வேண்டாம், முடிந்ததை அன்னதர்மத்துக்குக் கொடுங்கள்" என்று ஒரு வரி எழுதி வைத்தால் பிள்ளைகளுக்கு ஊர்ப்பேச்சைத் தாங்கும் தைரியம் வரும். மரணத்தை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை என்பதையும் வீட்டார் தெரிந்திருக்கட்டும்.

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பணிவிடை முடிந்து வந்து, வீட்டாரை உட்கார வைத்துப் பேசினால் போதும். பேசியதை ஒரு நோட்டில் எழுதி, அது இருக்கும் இடத்தை எல்லாருக்கும் காட்டி வைக்க வேண்டும். முதலில் மகள் அழுவாள், மனைவி "வேண்டாம்" என்பாள். பொறுமையாகச் சொல்லி முடித்தால் அவர்களுக்கே மனம் லேசாகும்.

பதியிலும் தாங்கலிலும் கண்ணாடி முன் நின்று வணங்கும்போது தெரிவது வணங்குகிறவரின் முகம்தான். அடுத்த முறை நிற்கும்போது அந்த முகத்திடம் ஒரு கேள்வி கேட்கட்டும்: "உன் விருப்பம் உன் வீட்டுக்குத் தெரியுமா?"

அய்யா உண்டு.